மூன்றாம் எண் கூண்டு

அமலோற்பவம், 38, பெ.
சீட்டில் அதற்குக் கீழே
கோழி கிளறியது போல ஒரு மாத்திரைப் பெயர்.
காலையில் ஒன்று, சாப்பிட்ட பின்.
பதினைந்து நாளைக்கு.

முதல் வாரம் என் நாக்கு
காயப்போட்ட நெத்திலி.
மண்டபம் நண்டுக் கம்பெனியின் குளிர் அறையில்
வேர்த்து நின்றவள் நான் ஒருத்திதான்.

துடுப்புக்கால் சதை
உடையாமல் வரவேண்டும்.
ஓட்டின் ஒரு சிலும்பு இருந்தாலும் தட்டு திரும்பும்.
விரல் நடுங்கி
ஒரே நாளில் நாலு தட்டு திரும்பியது.
"தண்ணி கிண்ணி போடுறியா அமலு?"
சூப்பர்வைசர் ஜெரோன்சியா பகடி பண்ணினாள்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நான் குமட்டலை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார்:
"கைகாலுக்குத் தெம்பு முதல்ல வரலாம்,
மனசுக்கு நிம்மதி பின்னாடிதான் வரும்.
நடுவுல உள்ள நாளைப் பார்த்துக்கணும்.
வேண்டாத நினைப்பு கூடினா
அடுத்த சீட்டுத் தேதிக்குக் காத்திருக்காதீங்க."

"கூண்டு ஏத்துற மாதிரியா?" என்றேன்.
சேலத்துக்காரர், அவருக்கு விளங்கவில்லை.
பாம்பன் துறைமுகத்துக் கம்பத்தைச் சொன்னேன்,
மூணாம் நம்பர் ஏறினால்
வலையும் ஆளும் கரையில்தான் என்றேன்.
பேனாவை மூடிவைத்துக் கேட்டார்.
"அதேதான்."

பதினோராம் ராத்திரி.
கச்சான் அடங்கிவிட்டது.
சந்தியாகு வலை விடப் போயிருந்தான்.
எழுந்து கதவைத் திறந்தேன்.
மூன்று மாதமாகக் கம்பெனி வேன்
ஹாரன் அடித்தால் மட்டும் எழுந்த கால்
தானாக நடந்தது.
அதுதான் பயமாக இருந்தது.

கடல் இடதுபக்கம்.
நாத்தனார் பவுலின் வீடு வலதுபக்கம்.
கதவை இரண்டு கையாலும் தட்டினேன்.
"கூண்டு ஏத்தியாச்சு" என்றேன்.
வேறொன்றும் சொல்ல வரவில்லை.
வள்ளக்காரன் பெண்டாட்டி அவள்,
ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.
பாயை விரித்தாள்.
மாத்திரை அட்டையை வாங்கி
டிரங்குப் பெட்டியில் பூட்டி
சாவியைச் செபமாலையோடு கழுத்தில் போட்டுக்கொண்டாள்.
விடிந்ததும் ராமநாதபுரம் பஸ்.

அளவைக் குறைத்தார் டாக்டரம்மா.
வாரம் ஒருமுறை வரச் சொன்னார்.
பவுலின் ஒவ்வொரு காலையும்
ஒன்றை மட்டும் எண்ணித் தந்தாள்,
ரேஷன் கடைக்காரி மாதிரி
முகத்தை வைத்துக்கொண்டு.

அப்புறம் தொடையில்
கணவாய் மை கக்கியது போலக் கன்றல்கள்.
நின்று நின்று வலிக்கிறதென்று
கம்பெனியில் எல்லோரும் போடும் வலி மாத்திரையை
நானும் போட்டிருந்தேன்.
மெடிக்கல் நஜ்முதீன் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்:
"ரெண்டும் சேரக்கூடாதும்மா,
கேட்டுட்டுப் போடமாட்டியா?"

இன்னொன்றும் உண்டு.
சந்தியாகு பக்கத்தில் படுத்தால்
என் உடம்பு அடுத்த வீட்டுக்காரி மாதிரி
சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.
அதைச் சொல்ல எனக்கு
நாலு சீட்டு ஆயிற்று.
டாக்டரம்மா சாதாரணமாக எழுதிக்கொண்டார்,
இருமல் என்று சொன்னதைப் போல.

ஐப்பசியில் நிசமாகவே கூண்டு ஏறியது.
மூன்று நாள் பஸ் இல்லை, மாத்திரை தீர்ந்தது.
"நல்லாத்தானே இருக்க, விட்டுத்தொலை"
என்றான் சந்தியாகு, பிரியமாகத்தான்.
இரண்டாம் நாள் தலையைத் திருப்பினால்
கண் ஒரு நொடி கழித்து வந்து சேர்ந்தது.
மண்டைக்குள்
இஞ்சின் பிளக்கில் கை பட்டது போல
சுரீர், சுரீர்.
நிறுத்துவதென்றாலும்
நங்கூரக் கயிறு மாதிரி
கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடவேண்டுமாம்.

இப்போது மாதம் ஒரு தட்டு திரும்புகிறது,
சில மாதம் அதுவும் இல்லை.
வாய் மட்டும் இன்னும் வறள்கிறது.
மடியில் எப்போதும் புளிப்பு மிட்டாய்.

நேற்று உடை மாற்றும் அறையில்
ஜெரோன்சியாவின் வெள்ளைக் கோட்டிலிருந்து
ஒரு அட்டை விழுந்தது.
எனக்குத் தெரிந்த பச்சை நிறம்.
நாலு குழி காலி.
அவள் காலால் மறைத்தாள்.

நாலாம் நாளா, என்று நினைத்தேன்.
பதினொன்றுக்கு இன்னும் ஏழு இருக்கிறது.

ஒரு மிட்டாயைப் பிரித்து நீட்டினேன்.
"எங்க வீடு தோணித்துறையில, கோயிலுக்குப் பின்னாடி.
ராத்திரின்னாலும் தட்டலாம்."

வெளியே வேன் ஹாரன் அடித்தது.
மிட்டாயை வாங்கிக்கொண்டாள்.